மலை மந்திருக்குப் போனவள்

ஆர்.கே.புரம், புது தில்லி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ரோஹிணியின் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சித்திக்குக் கண் தெளிந்துவிட்டதா?

போனில் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை. சித்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் நின்றுகொண்டு உனக்குப் பதிலாக அவளே பேசுகிறாள். உன்னைக் கேட்டால், “அவ நன்னா சாப்பிடறா” என்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தபாலாபீஸ் போய் உறை வாங்கினேன்.

சித்திக்குக் கண் ஆபரேஷன், பத்து நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று ஜூனில் ரயில் ஏறினாய். நான் அவசரப்படுத்தவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருஷமும் நீ வாசலைத் தாண்டவில்லை. இருந்துவிட்டு வா. எப்போது வருகிறாய் என்று மட்டும் தெரிந்தால் ஆபீஸில் லீவு சொல்ல வசதியாக இருக்கும்.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியில் சொல்லி ஆள் வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒருவர் மாறுகிறார். அப்பா அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. தாகம் எடுத்தால்கூட நான் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார். டிஸ்பென்சரி டாக்டரிடம், வீட்டில் ஆள் வைத்துக்கொள்ள அப்பாவின் மெடிக்கல் கார்டில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கிடைக்கும் என்றார். சேர்க்கிற அளவுக்கு ஒன்றும் இல்லையே என்றேன். “அச்சா, நல்ல விஷயம்தானே?” என்றார். நல்ல விஷயம்தானா என்று ஆட்டோவில் வீடு வரும்வரை யோசித்தேன்.

டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும்? உன் மாப்பிள்ளை அர்விந்தும் பேத்தி சுபிக்ஷாவும் நமஸ்காரம் சொல்லச் சொன்னார்கள்.

உன்
ரோஹிணி


தில்லை நகர், திருச்சி
21.8.2024

சௌபாக்யவதி ரோஹிணிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம்.

நானும் ராஜலக்ஷ்மியும் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருக்க சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன். உன் சித்தி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிறாள். அவன் பயந்துபோய்க் கொடுத்துவிடுகிறான்.

எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே ஒரு கிளினிக் இருக்கிறது. எதிரே அடுக்குமாடி கட்டுகிறார்கள். வேலைக்கு வந்திருப்பவர்கள் எல்லாம் பீகார்க்காரர்கள். போன வாரம் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அழுகிறாள். என்ன சொல்கிறாள் என்று டாக்டருக்குப் புரியவில்லை. நான் கீழே போய்ப் பேசினேன். குழந்தை மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டுவிட்டதாம். அன்றிலிருந்து யாராவது ஹிந்தி பேசிக்கொண்டு வந்தால் டாக்டர் ஆள் அனுப்புகிறார். சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டருக்குப் பேரம் பேசிய ஹிந்திக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

உன் அப்பாவுக்கு மோரில் உப்பைக் குறைத்துப் போடு. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம்.

அம்மா


ஆர்.கே.புரம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம்.

எல்லோரும் நலம். சுபிக்ஷாவுக்கு மட்டும் ஜலதோஷம். உன் கடிதத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன், தேதியை நான்தான் கவனிக்காமல் விட்டேனோ என்று.

துவாரகா பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறதென்று ஆபீஸில் சொன்னார்கள். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆபீஸ் அறையில், ஹோட்டலில் மாட்டியிருப்பதைப் போல ஒரு விலை அட்டை. படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு விலை. மற்றதெல்லாம் தனித்தனி. ஊட்டிவிட்டால் இவ்வளவு. இரவில் எழுப்பி பாத்ரூம் அழைத்துப் போனால் இவ்வளவு. புரட்டிப் படுக்க வைத்தால் இவ்வளவு. ‘பேச்சுத் துணை’க்கு ஒரு மணிக்கு இவ்வளவு. ஒவ்வொரு வரியிலும் நீ இருந்தாய் அம்மா. யாரோ உன்னைத் துண்டு துண்டாக எழுதி மாட்டியதைப் போல இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அப்பாவின் பென்ஷனைத் தாண்டிவிடுகிறது. பென்ஷன் தாராளமாகப் போதும் என்று இத்தனை நாள் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்!

மாதுரி என்ற அம்மாள்தான் அங்கே பொறுப்பு. அரசாங்க மானியத்தில் சில கட்டில்கள் உண்டாம். பென்ஷனில் ஒரு பங்கை நாம் கட்டினால் போதும், மீதியை மானியம் பார்த்துக்கொள்ளும். ஆனால் நிபந்தனை, நோயாளியைக் கவனித்துக்கொள்ள வீட்டில் துணைவர் இருக்கக் கூடாது. “மகள் வேலைக்குப் போகிறாள் என்றால் பரவாயில்லை. பீவி வீட்டில் இருந்தால் கிடைக்காது” என்றார். ஏன் என்று கேட்டேன். “பீவி இருந்தால் அவளே பார்த்துக்கொள்வாளே!” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

நீ வருவதாக இருந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். வராவிட்டால் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அதுவே எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை எழுது.

ரோஹிணி


திருச்சி
7.10.2024

சௌ. ரோஹிணிக்கு ஆசீர்வாதம்.

க்ஷேமம். நவராத்திரிக்கு ராஜலக்ஷ்மி கொலு வைத்திருக்கிறாள். சுண்டலுக்கு ஊறப்போட்டுவிட்டு எழுதுகிறேன். அவளுக்கு இன்னொரு கண்ணிலும் புரை இருக்கிறதாம்.

சுபிக்ஷாவுக்குக் கஷாயம் வைத்துக் கொடு. இல்லம் விஷயமாக உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்.

அம்மா


ஆர்.கே.புரம்
10 நவம்பர் 2024

அம்மாவுக்கு நமஸ்காரம்.

தீபாவளிப் புகை இன்னும் போகவில்லை. அப்பாவின் இருமலைத் தவிர மற்றபடி நலம். நீயும் சித்தியும் நலம்தானே?

எனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யச் சொன்னாய். விண்ணப்பித்தேன். விசாரிக்க இல்லத்திலிருந்து மாதுரியும் ஒரு அதிகாரியும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா காலையிலேயே ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்டர் செக்ரட்டரியாக இருந்தபோது மேலதிகாரி வரும் நாளில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

மாதுரி கேட்ட முதல் கேள்வி, “ஆன்ட்டிஜி எங்கே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “மந்திர் கயி ஹை. மலை மந்திர்” என்றார், நீ முருகன் கோவிலுக்குப் போயிருப்பதாக. “இப்போ வந்துடுவா. வந்ததும் உங்களுக்கு காபி போட்டுத் தருவா. சவுத் இந்தியன் காபி.”

அந்த அதிகாரி மாதுரியைப் பார்த்தார். “மலை மந்திரா? அவ்வளவு படி ஏறுகிறாரா?”

“தினமும் ஏறுவா,” என்றார் அப்பா. பெருமையாகச் சொன்னார், அம்மா.

அவர்கள் முன்னால் அப்பாவைப் பொய்யர் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அடுக்களைக்குப் போய் நானே காபி போட்டேன். நான் திரும்பி வருவதற்குள் எழுதிக்கொண்டுவிட்டார்கள். ‘மனைவி உடன் வசிக்கிறார். ஆரோக்கியமாக இருக்கிறார்.’ விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அவர்கள் போன பிறகு சண்டை போட்டேன். “ஏம்ப்பா அப்படிச் சொன்னேள்?”

“பின்னே என்ன சொல்லணுங்கறே? பொண்டாட்டி போனவ வரலேன்னா? அந்த அதிகாரி எனக்கு எத்தனை ஜூனியர் தெரியுமா?”

“அவர் உங்க மினிஸ்ட்ரியே இல்லைப்பா!”

“எந்த மினிஸ்ட்ரியானா என்ன, ஜூனியர் ஜூனியர்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுபரிசீலனைக்கு ஒரு வழி இருக்கிறதாம். நீ அவருடன் வசிக்கவில்லை, இனியும் கவனித்துக்கொள்ள இயலாது என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நான் தயார் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று ‘உடல்நலக் குறைவு காரணமாகத் தங்கை வீட்டில் தங்கியுள்ளேன்’ என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு.

ரோஹிணி


ஆர்.கே.புரம்
22 டிசம்பர் 2024

அம்மாவுக்கு,

நமஸ்காரம். காகிதம் வந்து சேர்ந்ததா? சித்தியிடம் போனில் கேட்டால், “மேஜை மேலே இருக்கு” என்கிறாள்.

அப்பா விழுந்துவிட்டார். பயப்படாதே, எலும்பு எதுவும் முறியவில்லை. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே இருந்தவரை நர்ஸ், மருந்து, சாப்பாடு எல்லாம் கார்டிலேயே போய்விட்டது, நாங்கள் பையைத் திறக்கவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. அதே மனிதர், அதே மருந்து, அதே சோறுதான். இங்கே படுத்தால் அரசாங்கத்துக்கு அவரைத் தெரியவில்லை. இதை யாரிடம் கேட்பது?

ஏஜென்சி ஆட்கள் யாரும் நிலைப்பதில்லை. என் லீவு தீர்ந்துவிட்டது. அர்விந்த் இரவு அப்பாவோடு படுத்துவிட்டுப் பகலில் ஆபீஸில் தூங்குகிறார். பிப்ரவரிக்குள் எதுவும் சரியாகாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று நினைத்திருக்கிறேன். வேறு வழி தோன்றவில்லை. உன்னை வற்புறுத்துவதற்காக இதை எழுதவில்லை. எதற்காக எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

நீ நலமா?

ரோஹிணி


திருச்சி
16.1.2025

சௌ. ரோஹிணிக்கு அம்மா ஆசீர்வாதம். பொங்கல் ஆயிற்று. உன் அப்பா விழுந்தது கேட்டு வருத்தப்பட்டேன். எலும்புக்கு ஒன்றும் ஆகாதது பெருமாள் புண்ணியம்.

நீ அனுப்பிய காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. உடல்நலக் குறைவு என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே வந்த பிறகு முழங்கால்கூட மாடிப்படிக்குப் பழகிவிட்டது. இல்லாத நோயைச் சொல்லிவிட்டு நாளைக்கு உண்மையாகவே வந்தால் யார் நம்புவார்கள்?

உன் மேல் கோபம் இல்லை. உன் அப்பா கெட்டவரும் இல்லை. ஒரு சுடு சொல் சொன்னவர் இல்லை. அப்படியானால் ஏன் என்று நீ கேட்பாய். காரணம் என்று ஒன்றை நான் எழுதினால் நீ அதைச் சரி செய்துவிட்டு, “இப்போது வா” என்பாய். நீ கெட்டிக்காரி, செய்துவிடுவாய். அதனால் எழுதவில்லை.

பத்து நாள் என்றுதான் வந்தேன். அது பொய் இல்லை. கிளம்ப வேண்டிய அன்று காலையில் விழித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எழுந்திருக்காமல் அப்படியே படுத்திருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. பெட்டி கட்டியது கட்டியபடியே ஒரு வாரம் இருந்தது. அப்புறம் ராஜலக்ஷ்மி தானாகவே புடவைகளை எடுத்து பீரோவில் வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விலை அட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். ராத்திரி எழுப்புவதற்குத்தான் எல்லாவற்றையும் விடக் கூடுதலாகப் போட வேண்டும். பேச்சுத் துணைக்குக் காசே வாங்கக் கூடாது. அவர் பேசவே மாட்டாரே.

வேலையை விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். நான் எழுந்த இடத்தில் நீ போய் உட்காராதே. அதற்காக நான் இங்கே வரவில்லை.

என் வார்த்தையிலேயே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இப்படி இருக்கிறது: ‘நான் சாவித்திரி, ராமமூர்த்தியின் மனைவி. திருச்சியில் என் தங்கை வீட்டில் இருக்கிறேன். ஆரோக்கியமாக இருக்கிறேன். தில்லிக்குத் திரும்பி வந்து அவரைக் கவனித்துக்கொள்ளப் போவதில்லை. இது என் முடிவு.’ கிளினிக் டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஹிந்தியில் எப்படி வரும் என்று நீ பார்த்துக்கொள்.

அம்மா


ஆர்.கே.புரம்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு நமஸ்காரம்.

எல்லோரும் சுகம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஒரு நாள் உன் மேல் கோபம் வரும். மறுநாள் பஸ்ஸில் போகும்போது, ஜன்னலில் வெயிலைப் பார்த்தபடி நீ படுத்திருப்பதை நினைத்தால் என்னவோ எனக்கே லீவு கிடைத்தாற்போல் இருக்கும். இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும்?

உன் காகிதத்தை ஹிந்தியில் எழுதி எடுத்துக்கொண்டு மாதுரியிடம் போனேன். படித்துவிட்டு நிமிர்ந்தார். “காரணம்?”

“காரணம் இல்லை,” என்றேன்.

“இங்கே மரணம், நோய், விவாகரத்து என்று மூன்றுதான் இருக்கிறது. எதில் போடுவது?”

“எதிலும் வராதே.”

மறுபடியும் படித்தார். “உங்கள் மம்மிக்கு என்ன வயது?”

“எழுபத்து நான்கு.”

“ஷாபாஷ்!” என்றார் மெல்ல. உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, கணவரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கமிட்டிக்கு அனுப்ப முடியாது என்றார்.

அந்தக் காகிதத்தை நாலு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அப்பாவிடம் எப்படிப் படித்துக் காட்டுவது? ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிட்டு முடித்ததும் படித்தேன், உன் வார்த்தைகளில், தமிழில். “இன்னொரு தரம் படி,” என்றார். படித்தேன்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லேன்னு அவளே எழுதியிருக்காளா?”

“ஆமாம்பா.”

“நீ சேர்த்துக்கலையே?”

“இல்லப்பா. பாருங்கோ, அம்மா எழுத்து.”

காகிதத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். “அப்ப சரி,” என்றார். பேனா கேட்டு, கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டார். கோபமா, வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கலாம்.

கமிட்டி ஒப்புக்கொண்டுவிட்டது. ‘துணைவர் உடன் வசிக்கவில்லை’ என்று எழுதிவிட்டு, காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். மார்ச் முதல் வாரத்தில் கட்டில். நான் வேலையை விடவில்லை.

சித்திக்கு என் நமஸ்காரம். கிளினிக்கில் உனக்கு ஒரு நாற்காலியாவது போட்டிருக்கிறார்களா?

ரோஹிணி


துவாரகா, புது தில்லி
20-3-2025

சௌ. சாவித்திரிக்கு ஆசீர்வாதம்.

1. நான் இங்கே சுகம். நீயும் ராஜலக்ஷ்மியும் சுகமாக இருப்பதாக ரோஹிணி சொன்னாள். வலது கை நன்றாக இருப்பதால் நானே எழுதுகிறேன்.

2. இதற்கு முன் உனக்குக் கடிதம் எழுதியதாக நினைவில்லை. கல்யாணத்துக்கு முன் உன் தகப்பனாருக்கு ஒன்று எழுதினேன். ஆகவே தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

3. இங்கே செல்வராஜ் என்று ஒருவர், சேலத்துக்காரர், காலையில் குளிப்பாட்டுகிறார். தினமும் தண்ணீர் எப்படி வேண்டும், நல்ல சூடா, மிதமா என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. சரி என்று மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் சுடுகிறது, ஒரு நாள் குளிருகிறது. நீ வைத்த தண்ணீர் எப்போதும் சரியாக இருந்தது.

4. உன்னிடம் கேட்டு எழுதும்படி ரோஹிணியிடம் சொன்னேன். “நீங்களே எழுதுங்கோ” என்று காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

5. எவ்வளவு சூடு என்று தெரிவிக்கவும்.

ராமமூர்த்தி


திருச்சி
2.4.2025

அநேக நமஸ்காரம்.

நானும் ராஜலக்ஷ்மியும் சௌக்கியம். உங்கள் கடிதம் கிடைத்தது. தவறு ஒன்றும் இல்லை.

தண்ணீர் விஷயம். நான் என் கையை விட்டுப் பார்ப்பேன். அது என் கைக்குப் பொறுக்கிற சூடு. உங்களுக்கு எது சரி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. அதனால் எனக்கும் தெரியாது. நாளைக்குச் செல்வராஜ் வாளியைக் கொண்டுவந்ததும் வலது கையை விட்டுப் பாருங்கள். போதாவிட்டால் போதாது என்று சொல்லுங்கள். அவர் கேட்கிறாரே, அதுவே நல்லதுதான்.

உறையில் விலாசம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். இது மாறாது.

சாவித்திரி